களியலாட்டம் சொல்லிக்கொடுப்பது எப்படி? முதல் எட்டடியிலிருந்து விளக்கைச் சுற்றும் வட்டம் வரை

நடுவில் விளக்கு வைத்து, அதைச் சுற்றி நின்று, தன் கம்புகளையும் எதிரே நிற்பவரின் கம்பையும் தாளத்தோடு தட்டி ஆடும் குமரி மாவட்ட ஆட்டம்தான் களியல். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர், கோயில் கொடைக்கோ சர்ச் திருவிழாவுக்கோ இளைஞர்களைத் தயார்செய்கிறவர், ஆசானிடம் ஆடிப் பழகிவிட்டு இப்போது தானே ஒரு செட் (ஆட்டக் குழு) சேர்க்கிறவர் ஆகியோருக்காக எழுதியது இது. பிள்ளைகள் 10 முதல் 17 வயதுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம்.

குமரி மாவட்டத்தில் ஆசானுக்கு ஆசான் அடி மாறும். கல்குளம் பக்கம் ஒரு மாதிரி, அகஸ்தீஸ்வரம் பக்கம் வேறு மாதிரி என்று ஆடுகிறவர்களே சொல்வார்கள். இங்கே இருப்பது யாருடைய அடிமுறைக்கும் மாற்று அல்ல. எந்த அடிமுறைக்குப் போவதற்கும் முன்னால் பிள்ளைகளின் காலும் கையும் பழக வேண்டிய, எட்டுத் தட்டில் முடியும் ஓர் எட்டடி, அவ்வளவுதான்.

புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். அதன் பிறகு ஒரு வாரம் முழுக்க விரலில் அடி, அழுகை, சிரிப்பு, சண்டை. கையில் தெரிகிற பிழைகளில் பெரும்பாலானவை காலிலோ எதிராளோடு உள்ள இடைவெளியிலோ பிறந்தவை. அதனால் கீழே உள்ள வரிசையில் மரக்கம்பு எட்டாவதாகத்தான் வருகிறது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கம்பு: ஆளுக்கு இரண்டு. நீளம் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. 12 வயதுக்குக் கீழே என்றால் 38 செ.மீ. போதும். பருமன் 2 முதல் 2.5 செ.மீ. வரை. வைரம் பாய்ந்த மரமாக, கடைசல் பட்டறையில் உருட்டி வாங்குவது நல்லது. கமுகு வைரத்தில் சத்தம் நன்றாக வரும், ஆனால் சரியாக உருட்டித் தேய்க்காவிட்டால் சிராய் ஏறும். வீட்டில் கிடந்த தென்னஞ்சலாகையை வெட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள். தென்னை அடிபட அடிபட நாராகப் பிரியும்.

ஒரு செட்டுக்குள் எல்லாக் கம்பும் ஒரே மரம், ஒரே எடை. ஒன்று கனமாகவும் மற்றது லேசாகவும் இருந்தால், லேசான கம்புக்காரன் எப்போதும் முந்துவான். அவனைத் திட்டிப் பயனில்லை. செட்டுக்கு மேல் நான்கு கம்பு உபரியாக இருக்கட்டும்.

எண்ணெய் போடுவதானால் முந்தின நாளே தேங்காயெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, இரவு முழுக்க நிற்க விடுங்கள். வகுப்பன்று எண்ணெய் போட்டால் வழுக்கும். நம் ஊர் வேக்காட்டில் உள்ளங்கை எப்படியும் வியர்க்கும். இடுப்பில் ஒரு சிறு துண்டு செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடம்: 16 பேர் ஆட 28 அடிக்கு 28 அடி வேண்டும். மண் தரை நல்லது. சரளைக்கல் கிடக்கும் செம்மண் முற்றம் என்றால் பெருக்கிவிட்டு வெறுங்காலில். வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டவே வேண்டாம், திரும்பும் அடியில் சறுக்கும். ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு மழையும் நம்மைப் பார்த்துவிட்டுத்தான் போகும், ஆகவே கூரையுள்ள மாற்று இடம் ஒன்றை முதலிலேயே பேசி வையுங்கள்.

தாளம்: ஒரு ஜோடி ஜால்ரா, செல்போனில் ஒரு மெட்ரோனோம் செயலி (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று சீராக ஒலிப்பது). தொடக்கத்தில் பாட்டு வேண்டாம்.

உடை: துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிய வேண்டும். பையன்கள் அரைக்கால் சட்டை அல்லது டிராக் பேன்ட்; வேட்டி கடைசி வாரத்தில் பழகினால் போதும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி போடுகிற பிள்ளைக்குப் பின்னால் எலாஸ்டிக் கட்டாயம். ஒரு பாத்திரத்தில் ஐஸ் கட்டி இருக்கட்டும்.

2. எதிராளைக் கொடுப்பது

எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும்: 8, 12 அல்லது 16. ஒருவர் மிஞ்சினால் அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்து உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கால் மணி நேரமும் அந்த இடத்துக்கு வேறு ஆள் வர வேண்டும். அது தண்டனை இடம் என்ற எண்ணம் வந்துவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். தாளம் பிடித்தவர்தான் சீக்கிரம் தேறுவார் என்பதை இரண்டாம் வாரத்தில் அவர்களே கண்டுகொள்வார்கள்.

“உங்களுக்குப் பிடித்தவரோடு நில்லுங்க” என்று சொல்லாதீர்கள். கூட்டாளிகள் இருவர் சேர்ந்தால் பேச்சுதான் நடக்கும், யாருக்கும் பிடிக்காத பிள்ளை தனியே நிற்கும். உயரவாரியாக வரிசையாக நிறுத்தி, எண் சொல்லச் சொல்லி, 1-2, 3-4 என்று நீங்களே பிரித்துவிடுங்கள். உயரம் ஒத்திருந்தால் கம்பு சந்திக்கும் மட்டம் தானே ஒத்துவரும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதிராளை மாற்றுங்கள். முதல் வகுப்பிலிருந்தே. ஒரே ஆளோடு ஒரு வாரம் அடித்துப் பழகியவர்கள் அந்த ஆளின் தப்புக்கும் சேர்த்தே பழகிவிடுகிறார்கள்; வேறு ஆள் வந்ததும் எல்லாம் குலைகிறது. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்கும் செட்டில் முதல் நாள் இருக்கும் வெட்கமும் கிண்டலும்கூட இதனால்தான் போகும். ஆறு பேரோடு ஆடிய பிறகு யாரை யாரோடு சொல்லிக் கிண்டல் செய்வது? ஆனாலும் கலந்த செட் என்றால் தொடங்குமுன் பெற்றோரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கைபிடித்து ஆடும் ஆட்டம் அல்ல, கம்புதான் தொடும் என்பதை ஒரு தடவை ஆடிக் காட்டினாலே வீட்டார் சமாதானமாகிவிடுவார்கள்.

3. வாயில் தாளம்

எல்லாரும் உட்கார்ந்துகொள்ளட்டும். கை தொடையில். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். எட்டுத் தட்டுக்கு எட்டுச் சொல்:

தன் – வலம் – தன் – இடம் – தன் – வலம் – தன் – நில்.

‘தன்’ என்றால் தன் இரு கம்பும் ஒன்றோடொன்று. ‘வலம்’ என்றால் என் வலக்கம்பு எதிராளின் வலக்கம்போடு. ‘இடம்’ என்றால் இடது இடதோடு. ‘நில்’ என்றால் சத்தமே இல்லை.

‘தன்’னுக்குக் கைதட்டு, ‘வலம்’ வந்தால் வலக்கையால் வலத்தொடை, ‘இடம்’ வந்தால் இடக்கையால் இடத்தொடை, ‘நில்’லுக்கு இரு கையும் அந்தரத்தில் அப்படியே. எல்லாரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வாய் மூடியிருக்கிற பிள்ளை பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் செய்கிறது, ஒரு தட்டு பிந்தித்தான் வரும்.

தப்பு வருகிற இடம் எட்டாவது தட்டு. பழகாதவர்கள் ‘நில்’லை விழுங்கிவிட்டு அடுத்த ‘தன்’னுக்குத் தாவுவார்கள். “பைய மக்கா, அது உள்ளதுதான், நிக்கணும்” என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த ஒரு தட்டு மௌனத்தை உட்கார வைக்க முடியும். பின்னால் திரும்புவது முழுக்க இந்த ஒரு தட்டில்தான் நடக்கப் போகிறது. இப்போது இதைக் கோட்டைவிட்டால் வட்டத்தில் பிடிக்க முடியாது.

4. கால்

இன்னும் கையில் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று, இரண்டு பாதமும் சேர்த்து, முழங்காலில் சற்றே தளர்வு.

‘தன்’னுக்குப் பாதம் இரண்டும் சேர்ந்திருக்கும். ‘வலம்’ என்றால் இடக்கால் அரைப் பாத நீளம் முன்னே. ‘தன்’னுக்கு அது திரும்பி வரும். ‘இடம்’ என்றால் வலக்கால் முன்னே. அடுத்த ‘வலம்’ மறுபடி இடக்கால். ஏழாவது ‘தன்’னுக்கும் ‘நில்’லுக்கும் இரு பாதமும் சேர்ந்தே இருக்கும்.

எந்தக் கை அடிக்கிறதோ அதற்கு மாறான கால். நடக்கும்போது நம் உடம்பு தானாகச் செய்வதுதான் இது. ஆனால் “கவனமாகச் செய்” என்று சொன்ன உடனே பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வலக்கையோடு வலக்காலையும் வைப்பார்கள். அப்படி வைத்தால் இடுப்பும் தோளும் ஒரே பக்கம் சேர்ந்து முன்னே பாய்கின்றன, எதிராளும் அதையே செய்தால் இரண்டு தலையும் நெருங்கும். கம்பின் நுனி சந்திக்க வேண்டிய இடத்தில் விரல் வந்து நிற்கும். “விரல்ல அடிச்சான் சார்” என்று புகார் வந்தால் அடித்தவன் கையைப் பார்க்காதீர்கள், இருவர் காலையும் பாருங்கள்.

முன்னே வைப்பது அரைப் பாதம்தான், முழு அடி அல்ல. முழு அடி வைத்தால் திரும்பி வர ஒரு தட்டு போதாது. 60-இல் சமாளிப்பார்கள், வேகம் கூடும்போது தத்தளிப்பார்கள்.

5. இடைவெளியை அளப்பது

இரண்டு வரிசையாக, எதிரெதிரே நிறுத்துங்கள். இன்னும் வட்டம் வேண்டாம். வட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

எதிராளோடு இடைவெளி ஏறக்குறைய நான்கு அடி, சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றரை. ஆனால் அடிக்கணக்கை நம்புவதைவிட இப்படி அளப்பது நல்லது: இருவரும் இடக்காலை முன்னே வைத்த நிலையில், முழங்கை பாதி மடங்க, வலக்கம்பை நீட்ட வேண்டும். இரண்டு கம்பும் மேல் மூன்றில் ஒரு பங்கில் குறுக்கிட்டால் சரி. பாதிக்குக் கீழே குறுக்கிட்டால் நெருக்கம். நுனி மட்டும் உரசினால் தூரம்.

காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு அளப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆட்டத்தில் இருவரும் முன்னே வருவார்கள் என்பதை அந்த அளவு கணக்கில் எடுக்கவில்லை.

அளந்ததும் பாதத்துக்கு முன்னால் கோலப்பொடியால் ஒரு கோடு. பத்து நிமிடம் ஆடிய பிறகு கோட்டைப் பார்த்தால் யார் ஊர்ந்து முன்னே வந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஊர்கிறவர்கள் எப்போதும் ஊர்வார்கள், அவர்களுக்குக் கோடு இரண்டாம் வாரம்வரை இருக்கட்டும்.

6. பிடி

கம்பின் அடியில் இரண்டு விரல்கடை விட்டுப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பை வளைத்துப் பிடிக்கும். மற்ற மூன்று விரலும் தளர்வாக இருந்து, அடிபடும் நொடியில் மட்டும் மூடும். கட்டைவிரலைக் கம்பின்மேல் நீட்டி வைக்கக் கூடாது. எதிர்க்கம்பு வழுக்கி இறங்கினால் முதலில் நசுங்குவது அந்த விரல்தான்.

இறுக்கிப் பிடித்தால் சத்தம் செத்துவிடும், மணிக்கட்டும் வலிக்கும். சோதிக்க எளிய வழி: பிள்ளை பிடித்திருக்கும் கம்பின் நுனியை நீங்கள் விரலால் சுண்டுங்கள். கம்பு சற்றே ஆடினால் பிடி சரி. அசையாமல் நின்றால் இறுக்கம்.

அடி சந்திப்பது மார்பு உயரத்தில். கம்பு எதிராளின் முகத்தை நோக்கிக் குத்துவதுபோல் போகக் கூடாது. நுனி மேலும் வெளியுமாகச் சாய்ந்து, இரண்டு கம்பும் பெருக்கல் குறிபோல் குறுக்கிட வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: முகத்துக்கு நேராக நுனி போனால் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துங்கள்.

7. காகிதக் கம்பு

பழைய நாளிதழ்த் தாள்கள் ஏழெட்டை ஒன்றாக அடுக்கி, கம்பின் நீளத்துக்கு இறுக்கமாகச் சுருட்டி, மூன்று இடத்தில் டேப் ஒட்டினால் ஒரு கம்பு. பிள்ளைகளே முதல் வகுப்பின் முடிவில் செய்துகொண்டு போகட்டும்.

இதில் எட்டடியை இரண்டு மூன்று வகுப்பு ஆடுங்கள். விரலில் பட்டாலும் வலிக்காது. வலிக்காது என்பதால் யாரும் கையைப் பின்னே இழுக்க மாட்டார்கள். பயந்து இழுக்கும் கை ஒரு வழக்கமாகிப் போனால் மாற்றுவது பெரும்பாடு. காகிதத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: ஓங்கி அடிக்கிறவனின் கம்பு நடுவில் மடங்கிவிடும். யார் அடிக்கிறார்கள், யார் சந்திக்கிறார்கள் என்பதை வகுப்பு முடிந்ததும் மடங்கிய கம்புகளே காட்டிக்கொடுக்கும். பலம் தோளிலிருந்து வரக் கூடாது, மணிக்கட்டின் சுழற்சி மட்டும் போதும் என்று அவர்களிடம் அப்போது சொன்னால் ஏறும்.

முதலில் ‘தன்–வலம்’ மட்டும் பத்துத் தடவை. பிறகு ‘தன்–இடம்’ மட்டும். பிறகு நான்கு, பிறகு எட்டு. இடது கை எல்லாருக்கும் சோம்பேறி. இடப்பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். இடக்கை வழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அதற்காக எதையும் மாற்ற வேண்டாம், அதற்கு வலப்பக்கம் சோம்பும், அவ்வளவுதான்.

8. மரக்கம்பு

எல்லாரும் எட்டடியை எட்டுத் தடவை விடாமல் முடித்தால்தான் மரக்கம்பு. ஒருவருக்கு வரவில்லை என்றாலும் எல்லாரும் காத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு மரம், பாதிப் பேருக்குக் காகிதம் என்று கொடுத்தால் எடை வேறுபாட்டில் தாளம் குலையும், காகிதக்காரர்களுக்கு அவமானமாகவும் இருக்கும்.

முதல் நாள் மெட்ரோனோம் 60-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு கம்பையும் ஒரே நாளில் கொடுக்காமல், முதலில் வலக்கம்பு மட்டும் மரம், இடக்கை காலி. ‘தன்’ வரும்போது வலக்கம்பை இடது உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் போதும், ‘இடம்’ வந்தால் வெறுங்கையை நீட்டி எடுக்கட்டும். மறுநாள் இரண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையை உதறச் சொல்லுங்கள்.

9. சத்தத்தை வைத்துப் பிழை பிடிப்பது

எட்டு ஜோடி அடிக்கும்போது எல்லாரையும் கண்ணால் பார்க்க முடியாது. காதுதான் உதவும். முதுகைக் காட்டி நின்று கேட்டுப் பாருங்கள்.

‘டக்’ என்று ஒரே சத்தம் வராமல் ‘ட-டக்’ என்று இரட்டைச் சத்தம் வந்தால் யாரோ முந்துகிறார்கள். பெரும்பாலும் அது ‘தன்’னைச் சிறிதாகச் செய்துவிட்டு நேரே எதிராளிடம் பாய்கிற பிள்ளை. ‘தன்’னை இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடிக்கச் சொல்லுங்கள். கை பயணிக்க வேண்டிய தூரம் கூடியதும் முந்துவது நின்றுவிடும். “மெதுவா அடி” என்று சொன்னால் பலத்தைத்தான் குறைப்பான், நேரத்தை அல்ல.

சத்தம் மொத்தையாக, மரத்தில் ஈரத்துணி சுற்றியதுபோல் வந்தால் பிடி இறுக்கம், அல்லது கம்பின் நடுவில் அடி படுகிறது. முதலில் இடைவெளியை அளந்துவிட்டுப் பிறகு பிடியைச் சோதியுங்கள்.

கம்பு தெறித்து விழுந்துகொண்டே இருந்தால் வியர்வை என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் நேராகவும் மற்றவர் சாய்வாகவும் பிடித்தால் கம்பு குறுக்கிடாமல் உரசி வழுக்கும், அப்போதும் தெறிக்கும். இருவரையும் அடிக்கும் நிலையில் உறையச் சொல்லிக் கோணத்தைப் பாருங்கள்.

‘இடம்’ மட்டும் மெலிதாகக் கேட்பது எல்லாச் செட்டிலும் உண்டு. இடக்கை மட்டும் ஐந்து நிமிடம், தினமும்.

முதல் நான்கு தட்டும் பிசிறில்லாமல் வந்து ஆறாவதில் கலைந்தால் காரணம் நினைவு. இரண்டாவது ‘வலம்’ வரும்போது சிலர் ‘இடம்’ கொடுக்கிறார்கள். வாய்த்தாளத்துக்குத் திரும்புங்கள், கம்பில் திருத்த முயல வேண்டாம்.

10. ஒற்றை வட்டம்

இதுதான் களியலின் உருவம்: நடுவில் விளக்கு, சுற்றிலும் ஆட்கள். பயிற்சியில் விளக்கு வேண்டாம், அந்த இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

16 பேருக்கு 10 அடி ஆரம். ஓர் ஆணியில் 10 அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து கோலப்பொடியால் வட்டம் போடுங்கள். ஆளுக்கு ஆள் ஏறத்தாழ நான்கு அடி கிடைக்கும். 8 பேர் என்றால் 5 அடி ஆரம்.

ஒற்றைப்படை எண்காரர்கள் வலம் வரும் திசையைப் பார்த்து நிற்பார்கள், இரட்டைப்படை எண்காரர்கள் அதற்கு எதிர்த்திசை. 1-உம் 2-உம் எதிரெதிர், 3-உம் 4-உம் எதிரெதிர். எட்டடி முடியும் ‘நில்’லில் ஒவ்வொருவரும் பின்னால் திரும்ப வேண்டும். இப்போது 2-க்கு எதிரே 3, 4-க்கு எதிரே 5, 16-க்கு எதிரே 1. யாரும் இடத்தை விட்டு நகரவில்லை, எல்லாருக்கும் புது எதிராள். இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டும் என்றது இதற்குத்தான். 15 பேர் நின்றால் ஒருவர் காற்றை அடிப்பார்.

இங்கே எல்லாரும் இடறும் ஓர் இடம் உண்டு. “வலப்பக்கம் திரும்பு” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் பாதிப் பேர் உள்பக்கமாகவும் பாதிப் பேர் வெளிப்பக்கமாகவும் திரும்புவார்கள். வலம் வரும் திசையில் நிற்பவருக்கு விளக்கு வலக்கைப் பக்கம், எதிர்த்திசையில் நிற்பவருக்கு அது இடக்கைப் பக்கம். ஆகவே கட்டளை ஒன்றுதான்: “விளக்கைப் பார்த்துத் திரும்பு.” எல்லார் முகமும் ஒரு நொடி விளக்கைக் கடந்து போகும். பார்க்கவும் அழகு, ஆசானின் கையசைவையும் அந்த நொடியில் எல்லாரும் பார்த்துவிடலாம்.

திரும்பும்போது கம்பு இரண்டும் செங்குத்தாக, மார்போடு ஒட்டி. கையை விரித்துக்கொண்டு திரும்பினால் பக்கத்து ஆளின் காதில் படும். முன்பாதத்தில் சுழன்று, இரு பாதமும் சேர்ந்து நிற்க வேண்டும். குதிகாலில் சுழன்றால் தள்ளாடும்.

கம்பு இல்லாமல் திரும்புவது மட்டும் முதலில். பிறகு ‘ஏழு எண்ணு, எட்டில் திரும்பு’. பிறகுதான் முழு எட்டடி.

11. இரட்டை வட்டம்

இது கூடுதல். ஒற்றை வட்டம் நின்ற பிறகு மட்டும். 8 பேர் 6 அடி ஆரத்தில் வெளியே பார்த்து, 8 பேர் 10 அடி ஆரத்தில் உள்ளே பார்த்து. எட்டடி முடிந்ததும் எட்டுத் தட்டு நடை: முதல் நான்கில் வெளிவட்டம் மட்டும் தன் வலப்பக்கம் ஓர் இடம் நகரும், மீதி நான்கில் நின்று இடைவெளியைச் சரிசெய்யும். ‘தன்’ அடி தட்டு விட்டுத் தட்டு தொடரும். வெளிவட்டத்தில் ஓர் இடம் என்பது ஏறக்குறைய 8 அடி தூரம். நான்கு நடை இல்லாமல் போய்ச் சேர முடியாது.

இரண்டு வட்டமும் ஆளுக்கு ஓர் இடம் வலப்பக்கம் போனால் என்ன? எதிரெதிர்த் திசையில் போவதால் இரண்டு இடம் விலகிவிடும். ஒவ்வொரு முறையும் ஓர் ஆளைத் தாண்டி, எட்டுப் பேரில் நான்கு பேரை மட்டுமே சந்தித்துவிட்டுப் பழைய ஆளிடம் வந்து நிற்பார்கள். “சாரே, நான் அவளோட ஆடவே இல்ல” என்று பிள்ளைகள் சொல்லித்தான் பலருக்கு இது தெரிய வருகிறது. இரண்டு வட்டமும் அசைய வேண்டுமானால் ஆளுக்கு அரை இடம்.

12. காலம் கூட்டுவது

களியல் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும் ஆட்டம். வேகத்தை அவசரமாக ஏற்றினால் முதலில் கால் செத்துவிடும், பிள்ளைகள் நின்ற இடத்தில் கையை மட்டும் ஆட்டுவார்கள்.

60-இலிருந்து 68, 76, 84 என்று எட்டு எட்டாக ஏற்றுங்கள். ஒரு வேகத்தில் எட்டுச் சுற்று பிசிறில்லாமல் வந்தால்தான் அடுத்தது. ஒரு வகுப்பில் இரண்டு படிக்கு மேல் வேண்டாம். 120 தொட்டால் மேடைக்குப் போதும். ஒவ்வொரு வகுப்பையும் முந்தின நாளின் உச்சத்தில் தொடங்காமல் 60-இலிருந்தே தொடங்குங்கள்.

84 வந்ததும் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு ஜால்ராவுக்கு மாறுங்கள். இயந்திரத்துக்குப் பழகிய காது ஆசான் கூட்டும் வேகத்தைப் பின்தொடராது. கூட்டுவதற்கு முன் ஒரு சைகை வேண்டும்: ‘நில்’லில் ஜால்ராவை உயர்த்திக் காட்டினால் அடுத்த சுற்று வேகம். சைகை இல்லாமல் கூட்டினால் ஆசானுக்கு அருகில் நிற்பவர்கள் முந்தி, எதிர்ப்பக்கம் பிந்தும்.

13. பாட்டு

ஆசான் ஓர் அடி பாட, ஆடுகிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவதுதான் முறை. கம்பில்லாமல், உட்கார்ந்து, கைதட்டிப் பாடிப் பழகிய பிறகுதான் ஆட்டத்தோடு சேர்க்க வேண்டும். பாட்டின் ஒரு வரி எட்டுத் தட்டில் அடங்குகிறதா என்று பாருங்கள். முதல் சொல் தட்டுக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கும் பாட்டை முதல் பாட்டாக எடுக்காதீர்கள், ‘தன்’ எங்கே என்று பிள்ளைகள் தேடுவார்கள்.

சுருதி பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். 13, 14 வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் நேரம். பாட வராதவர்களை வற்புறுத்தாமல் தாளச் சொல்லை மட்டும் சொல்ல விடலாம். வேகம் 100-ஐத் தாண்டினால் எல்லாரும் திருப்பிப் பாட மூச்சு போதாது. வரியின் கடைசிச் சொல்லை மட்டும் வாங்கிப் பாடட்டும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வெட்டவெளியில் ஆடினால் காற்று பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆசான் காற்று வரும் பக்கத்தில் நின்று பாடினால் சத்தம் வட்டத்துக்குள் போகும்.

14. விளக்கேற்றி ஆடும் நாள்

ஏற்றிய குத்துவிளக்கோடு குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும். இரட்டை வட்டத்தில் உள்வட்டத்தினர் விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். துப்பட்டா நுனி, அரைத்தாவணி நுனி எல்லாம் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். விளக்கின் அடியில் மணல் நிரப்பிய தட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல். எண்ணெய் முகம் வழிய ஊற்ற வேண்டாம், பாதி போதும்.

வட்டத்தைப் பொடியால் குறித்துவிடுங்கள். புது மேடையில் வட்டம் எப்போதும் சுருங்கும், கூட்டம் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். மேடை 24 அடிதான் என்றால் 16 பேரை ஏற்றாமல் 12 பேரோடு, ஏழேமுக்கால் அடி ஆரத்தில் ஆடுங்கள்.

கம்பு கீழே விழுந்தால் குனியக் கூடாது. மற்றவர்கள் அடிக்கும் மட்டத்துக்குத் தலை வந்துவிடும். கம்பைத் தவறவிட்டவர் வெறுங்கையால் அசைவைத் தொடர வேண்டும், எதிராள் அந்தக் கைப்பக்கம் அடிக்காமல் காற்றில் நிறுத்த வேண்டும். பாட்டின் அடி முடிந்து ஆசான் நிறுத்தும்போது உபரிக் கம்பை உள்ளே நீட்டுவது ஜால்ரா பிடித்திருப்பவரின் வேலை. இதையும் ஒத்திகையில் வேண்டுமென்றே ஒரு கம்பைப் போடச் சொல்லிப் பழக்குங்கள்.